சிறு லினக்ஸ் கணினியில் வீட்டுத் தானியக்கச் சர்வர்: மதுரைப் பக்கத்து வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

ஒத்தக்கடைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்குக் கான்டாக்டர் (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், நான் வரைந்து வைத்திருந்த வயரிங் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நெட்டு போச்சுன்னா தண்ணி ஏறாதுன்னா இது எதுக்கு?" என்று கேட்டார். அப்போது என்னிடம் தக்க பதில் இல்லை. அந்தப் படத்தின்படி மேல்தொட்டியில் உள்ள சென்சார் வைஃபை வழியே சர்வருக்கு, அதாவது வீட்டுக்குள் எப்போதும் ஓடும் சிறு கணினிக்கு, தகவல் சொல்லும், சர்வர் மோட்டாருக்குக் கட்டளையிடும். இடையில் ரவுட்டரோ சர்வரோ படுத்துவிட்டால் மோட்டார் நிற்காமல் ஓடும், அல்லது ஓடவே ஓடாது. படத்தை மறுபடி வரைய எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கீழே வரும் படிகள் அந்த இரண்டாவது படத்தை ஒட்டியவை. சர்வர் வீட்டுக்கு வசதி செய்து தரலாம். வீடு சர்வரை நம்பி நிற்கக் கூடாது.

எந்த மென்பொருள், எந்தக் கணினி

நாம் நிறுவப் போவது, வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து கண்காணித்துக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட். பாலஸ் ஷௌட்சென் என்பவர் 2013-ல் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருள், 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்னும் லாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் உள்ளது. இதன் கணக்கு வழக்கு முழுவதும் வீட்டுக்குள் இருக்கும் கணினியிலேயே நடக்கிறது; இணையம் அறுந்தாலும் விளக்கு எரியும், பதிவுகள் சேரும், அட்டவணைகள் ஓடும். ஒரு நிறுவனத்தின் செயலியை மட்டும் நம்பி வாங்கும் ஸ்மார்ட் பிளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த குணம் இல்லை.

கணினிக்கு, உள்ளங்கை அளவுள்ள ராஸ்ப்பெர்ரி பை 4 (சுருக்கமாகப் பை) போதும். 2 ஜிபி மெமரி உள்ள வகையே தொடங்கப் போதுமானது என்றாலும், வாங்கும்போது 4 ஜிபி எடுப்பது நல்லது. கேமராப் பதிவும் இதிலேயே வேண்டும் என்பவர்கள் இன்டெல் என்100 போன்ற செயலி கொண்ட மினி கணினிக்குப் போவதே முறை. பையை அதற்காக வருத்த வேண்டாம். மின்செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சராசரியாக 5 வாட் எடுத்துக்கொள்ளும் ஒரு கணினி நாளுக்கு 0.12 யூனிட்டும், 60 நாளுக்கு 7.2 யூனிட்டும் மட்டுமே செலவழிக்கும்.

நிறுவும் முறைகளில் இரண்டைத்தான் கவனிக்க வேண்டும். ஒன்று, ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்: இதற்கென்றே கட்டப்பட்ட சிறிய லினக்ஸ். மற்றொன்று, டெபியன் போன்ற ஒரு லினக்ஸை நாமே நிறுவி, அதில் டாக்கர் கன்டெய்னராக (தனித்து ஓடும் மென்பொருள் பொதியாக) ஓட்டுவது. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது வழியின் மேல் கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆயினும் முதல் வழியையே பரிந்துரைக்கிறேன். அந்த ஓஎஸ்ஸில் கணினியின் அடிப்படைக் கோப்புகள் படிக்க மட்டுமே கூடிய பகுதியில் இருக்கின்றன; புதிய பதிப்பு இரண்டாவது ஒரு பகுதியில் எழுதப்பட்டு, அது கிளம்பாவிட்டால் பழைய பகுதிக்கே திரும்பும் ஏற்பாடும் உள்ளது. அடிக்கடி மின்சாரம் போய் வரும் ஊரில் இந்த இரண்டு குணங்களுக்கும் மதிப்பு அதிகம். ஆட்-ஆன் எனப்படும் கூடுதல் மென்பொருள்களை ஒரே சொடுக்கில் நிறுவும் வசதியும் இதில் மட்டுமே கிடைக்கும்.

மின்சாரத்தை முதலில் சரிசெய்யுங்கள்

வழக்கமான வழிகாட்டிகள் மென்பொருளில் தொடங்கும். நம் ஊரில் அது வரிசை தப்பிய வேலை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தப்படும் மின்சாரம் பிற்பகலில்தான் வரும். ஐப்பசி மழையில் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை போய் வரும். சர்வரின் சேமிப்பாக இருந்த என் முதல் மெமரி கார்டு அப்படி ஒரு மாலையில்தான் செத்தது. எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் அறுந்தால் தரவுத்தளம் சிதையும்; அது பலமுறை நடந்தால் கார்டே போகும்.

ஆகவே சர்வர், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள ஒரே பிளக் பாயிண்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் சாதாரண நிலை, யூபிஎஸ் நிலை என இரண்டு இருக்கும். சாதாரண நிலையில் மின்சாரம் போகும் கணத்துக்கும் பேட்டரி எடுத்துக்கொள்ளும் கணத்துக்கும் இடையிலான இடைவெளி, மின்விசிறிக்குத் தெரியாத அளவு சிறியதுதான். கணினிக்கோ அது மறுதொடக்கத்துக்குப் போதுமானது. யூபிஎஸ் நிலைக்கு மாற்றினால் இடைவெளி சுருங்கும். அதில் ஒரு சிக்கலும் உண்டு. யூபிஎஸ் நிலை குறைந்த வோல்டேஜைப் பொறுக்காது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களைப் போல மாலையில் வோல்டேஜ் இறங்கும் இடங்களில், மின்சாரம் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். அங்கெல்லாம் இன்வெர்ட்டரைச் சாதாரண நிலையிலேயே விட்டுவிட்டு, ரவுட்டருக்கும் சர்வருக்கும் மட்டும் சிறிய டிசி யூபிஎஸ் ஒன்றை இடையில் வைப்பதே சரி.

பவர் அடாப்டரில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் தேவை. பை 5-க்கு 5 ஆம்பியர் தருவது தேவை. வீட்டில் கிடக்கும் மொபைல் சார்ஜரைச் செருகினால் முதலில் எல்லாம் ஓடுவது போலத் தோன்றி, எஸ்எஸ்டி என்னும் சேமிப்பு டிரைவை இணைத்த நாளிலிருந்து காரணம் தெரியாத மறுதொடக்கங்கள் வரும். வோல்டேஜ் குறைந்தால் ஹோம் அசிஸ்டன்டே எச்சரிக்கை காட்டும், அதைப் பொருட்படுத்துங்கள்.

வைக்கும் இடமும் இதே கவலையைச் சேர்ந்ததுதான். பை 4-ன் செயலி 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் உள்ள பரண் ஓர் அடுப்பு. ஃப்ரிட்ஜின் தலையிலும் இன்வெர்ட்டர் பேட்டரியின் பக்கத்திலும் வைக்கக் கூடாது. அலுமினியப் பெட்டியில் போட்டு, ஹாலில் கண் மட்டத்துக்குக் கீழே ஒரு அலமாரியில், கதவில்லாமல் வைத்தால் போதும்.

நிறுவுதல்

இந்தப் பகுதி பலர் அஞ்சுவது போல் கடினமன்று. அரை மணி நேர வேலை. மேசைக் கணினியில் ராஸ்ப்பெர்ரி பை இமேஜர் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, உங்கள் பை மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். ஓஎஸ் பட்டியலில் குறிப்பிட்ட பணிகளுக்கான ஓஎஸ்கள் என்ற பகுதிக்குள் சென்றால் வீட்டுத் தானியக்கம் என்ற தலைப்பின் கீழ் ஹோம் அசிஸ்டன்ட் இருக்கும். அதைக் குறைந்தது 32 ஜிபி கொண்ட, ஏ2 என்னும் வேகக் குறியிட்ட மெமரி கார்டில் எழுதுங்கள். யூஎஸ்பி உறையில் இட்ட எஸ்எஸ்டியில் எழுதுவது இன்னும் நல்லது. தொடர்ந்து எழுதும் வேலைக்குக் கார்டை விட எஸ்எஸ்டி நெடுநாள் தாங்கும். எழுதும் முன் எந்த டிரைவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று இருமுறை பாருங்கள். தேர்ந்தெடுத்த டிரைவில் உள்ளதெல்லாம் அழியும்.

கார்டைப் பையில் செருகி, ரவுட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிளை இணைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். வைஃபையில் சர்வரை ஓட்டலாம் என்றாலும் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். முதல் தொடக்கத்தில் மீதி மென்பொருளை அது தானே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். வேகத்தைப் பொறுத்து 20 நிமிடம் வரை ஆகலாம். இடையில் பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பிறகு அதே வைஃபையில் உள்ள கணினியின் பிரவுசரில் ஹோம்அசிஸ்டன்ட் டாட் லோக்கல் என்ற முகவரியை 8123 என்ற போர்ட் எண்ணுடன் இட்டால் வரவேற்புத் திரை வரும். சில ஆண்ட்ராய்டு போன்களில் இந்தப் பெயர் வேலை செய்வதில்லை. அப்போது ரவுட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, சர்வரின் ஐபி எண்ணையே நேராக இடலாம்.

ரவுட்டரின் பக்கத்தில் இருக்கும்போதே இன்னொரு வேலையை முடித்துவிடுங்கள். சாதனங்களுக்கு ஐபி எண் வழங்கும் டிஹெச்சிபி அமைப்பில் சர்வருக்கென்று ஒரு நிலையான எண்ணை ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால், ஒரு மின்தடைக்குப் பிறகு சர்வர் வேறு எண்ணில் எழுந்து நிற்கும். போன் செயலி பழைய எண்ணில் தேடிக்கொண்டிருக்கும்.

வரவேற்புத் திரையில் கேட்கப்படும் பெயர், பாஸ்வேர்டு ஆகியவற்றைத் தந்தபின் வரைபடத்தில் வீட்டைக் குறியுங்கள். இது அலங்காரத்துக்கு அன்று. சூரிய உதயமும் மறைவும் இதை வைத்தே கணக்கிடப்படுகின்றன. மதுரை நிலநடுக்கோட்டுக்கு 10 டிகிரி வடக்கிலேயே இருப்பதால் நம் மாலைப்பொழுது ஆண்டு முழுவதிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள்தான் நகர்கிறது. வாசல் விளக்கை மறைவுக்குப் பத்து நிமிடம் முன்னதாக என்று வைத்துவிட்டால் பிறகு தொடவே வேண்டாம். திரையின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். நிறுவும் காலத்தில் மட்டும் ஆங்கிலத்திலேயே வைத்திருந்தால் உதவிக் குறிப்புகளோடு பெயர்களை ஒப்பிடுவது எளிது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்குத் தாருங்கள்; நிர்வாகி உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

ஜிக்பீ: சின்ன சாதனங்களின் வழி

கதவு சென்சார், வெப்பமானி, பொத்தான் போன்ற பேட்டரிச் சாதனங்களுக்கு வைஃபை ஏற்றதன்று, பேட்டரி தாங்காது. அவற்றுக்கு, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ரேடியோ முறையான ஜிக்பீ நல்லது. ஜிக்பீ யூஎஸ்பி டாங்கிள் (சிறு ரேடியோ கருவி) ஒன்றை வாங்கிச் செருகினால், ஹோம் அசிஸ்டன்ட் அதைக் கண்டுகொண்டு தன்னுள்ளேயே இருக்கும் ஜிக்பீ இணைப்பை அமைக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள்.

சொல்ல வேண்டியது இரண்டுதான். ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வாழ்பவை. ரவுட்டரின் வைஃபை சேனல் 1-ல் இருக்குமாறு நிலைப்படுத்திவிட்டு, ஜிக்பீயை 25-ல் அல்லது 20-ல் வைத்தால் மோதல் குறையும். அடுத்தது, யூஎஸ்பி 3 வேகத்தில் ஓடும் எஸ்எஸ்டி இதே அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும் இயல்புடையது. டாங்கிளை நேராகப் பையில் செருகாமல், ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். நூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் அந்தக் கேபிள் இல்லாததால், பக்கத்து அறைக் கதவு சென்சார் பழுது என்று நினைத்து நான் ஒரு மாதம் அலைந்தேன்.

விளக்கு, விசிறி

சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும், கட்டளையால் இயங்கும் சுவிட்சுகளான சிறு ரிலேக்கள் பலவற்றுக்கு நியூட்ரல் வயர் தேவை. நம் வீடுகளில் பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய சுவிட்ச் அப்படியே வேலை செய்யும் வகை ரிலேயை மட்டுமே வாங்குங்கள். இரவு எழும் பெரியவர்கள் சுவரைத் தடவித்தான் சுவிட்சைப் போடுவார்கள். போனைத் தேட மாட்டார்கள். பிஎல்டிசி விசிறிகளை ரெகுலேட்டர் வகை ஸ்மார்ட் மாட்யூலோடு இணைக்கக் கூடாது. அவற்றை ரிமோட்டின் சிக்னலை அனுப்பும் ஐஆர் பிளாஸ்டரால் கட்டுப்படுத்த வேண்டும்.

தண்ணீர்: முதலில் அளவு, பிறகு மோட்டார்

மதுரையில் வீட்டுத் தானியக்கம் என்றால் பாதிக்கு மேல் தண்ணீர்க் கணக்குத்தான். மாநகராட்சிக் குழாயில் வரும் தண்ணீர் சம்ப்பில் விழும். அங்கிருந்து மோட்டார் மேல்தொட்டிக்கு ஏற்றும். போர் தண்ணீர் தனிக் குழாயில் ஏறும் வீடுகளும் உண்டு. குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது விதிமீறல் என்பதால் அந்த வழியைப் பற்றி இங்கே பேச்சில்லை.

தொட்டிக்கும் மோட்டாருக்கும் இஎஸ்பி32 என்னும் சிறு சில்லுப் பலகையில் இஎஸ்பிஹோம் என்னும் மென்பொருளை ஏற்றிப் பயன்படுத்துகிறோம். ஹோம் அசிஸ்டன்டில் இஎஸ்பிஹோமை ஆட்-ஆனாக நிறுவினால் பலகைக்கான அமைப்புக் கோப்பைப் பிரவுசரிலேயே எழுதலாம். முதல் முறை மட்டும் யூஎஸ்பி கேபிளில் ஏற்ற வேண்டும்; பிறகு வைஃபை வழியே மாற்றலாம். இந்தப் பலகைகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸை அதே பெயரில் கலந்து தந்தால் தனிப் பெயரில் பிரித்துவிடுவது தொல்லையைக் குறைக்கும்.

அளவெடுக்க நீர்புகா அல்ட்ராசோனிக் சென்சாரை மூடியின் அடியில் பொருத்துவது வழக்கம். ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிடுவது இதன் முறை. இதில் மூன்று குழிகள் உள்ளன. இவ்வகைச் சென்சாருக்கு முகத்துக்கு முன்னால் ஏறக்குறைய 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை கண் தெரியாது. தொட்டி நிரம்பி நீர் அந்த எல்லைக்குள் வந்ததும் அர்த்தமற்ற எண்களைத் தரும். ஆகவே மூடிக்கு மேல் ஒரு குழாய்த் துண்டில் உயர்த்திப் பொருத்த வேண்டும். இரண்டாவது, ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும்: 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டராக இருப்பது 40 டிகிரியில் 355 ஆகிறது. நண்பகலில் வெந்து கிடக்கும் கறுப்புத் தொட்டியில், ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்காதபோதே அளவு மூன்று விழுக்காட்டுக்கு மேல் பிசகிக் காட்டும். மூன்றாவது, 5 வோல்ட்டில் இயங்கும் சென்சாரின் எக்கோ முனை 5 வோல்ட் தரும். இஎஸ்பி32-ன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர்களை வைத்து வோல்டேஜைப் பிரித்துக் கொடுங்கள்.

இந்தக் குழிகளையெல்லாம் தாண்டினாலும், திரையில் அளவைக் காட்டத்தான் அல்ட்ராசோனிக்கை நான் நம்புகிறேன். மோட்டாரை நிறுத்த நம்புவதில்லை. அந்த வேலைக்கு மிதவை சுவிட்ச் போதும்: மேல்தொட்டியின் உச்சியில் ஒன்று, சம்ப்பின் அடியில் ஒன்று. அது கணக்கிடுவதில்லை, ஆகவே கணக்குப் பிழையும் விடுவதில்லை.

இனி மோட்டார். 1 ஹெச்பி என்பது 746 வாட் வெளிப்பாடு. திறன் இழப்பையும் சேர்த்தால் 230 வோல்ட்டில் அது 6, 7 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் இதன் பல மடங்கு. ஆன்லைனில் விற்கும் நீல நிற 10 ஆம்பியர் ரிலேயில் மோட்டாரை நேரடியாகப் பூட்டினால், சில மாதங்களில் அதன் முனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட ரிலே என்பது நிறுத்த முடியாத மோட்டார். சின்ன ரிலே ஒரு கான்டாக்டரின் 230 வோல்ட் காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டாரின் பளு கான்டாக்டர் வழியே போகட்டும். மோட்டாரின் ஆம்பியரைச் சொன்னால் டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்து எலக்ட்ரிகல் கடைகளில் ஏற்றதை எடுத்துத் தருவார்கள். பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள ஸ்டார்ட்டரோடு வரும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வயரிங் வேறு: அங்கே ஒரு ரிலே பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு விநாடி மூட வேண்டும், இன்னொன்று சிவப்புப் பொத்தானின் வழியில் ஒரு விநாடி திறக்க வேண்டும். எந்த வகையானாலும் 230 வோல்ட் பக்கத்து வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும். ஈரக் காலோடு நிற்கும் இடம் அது, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி இல்லாத லைனில் தொடவே கூடாது. பழைய கை சுவிட்சை எடுத்துவிடாமல், தானியங்கி, கைமுறை என மாற்றும் சுவிட்சோடு இணையாக வைக்கச் சொல்லுங்கள்.

அண்ணன் கேட்ட கேள்விக்கான விடை அமைப்புக் கோப்பில்தான் இருக்கிறது. நிறுத்தும் விதிகள் அனைத்தும் மோட்டாரின் பக்கத்தில் உள்ள பலகையிலேயே எழுதப்பட வேண்டும், சர்வரில் அல்ல. மேல்தொட்டி நிரம்பியதும் நிறுத்து, சம்ப் காய்ந்தால் நிறுத்து, ஓடத் தொடங்கி இத்தனை நிமிடமானால் எதுவாயினும் நிறுத்து என்ற மூன்றும் அவை. நேர வரம்பை அளந்து வையுங்கள்: 1000 லிட்டர் தொட்டி காலியிலிருந்து 25 நிமிடத்தில் நிரம்பினால் வரம்பு 30 நிமிடம். மேல்தொட்டி மிதவையிலிருந்து கீழே மோட்டார் பலகை வரை வயர் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். மாடிக்கு ஏறும் குழாயை ஒட்டியே போகும் அந்த வயருக்கு எந்த வைஃபையும் நிகரில்லை. இழுக்கவே முடியாத வீட்டில் நேர வரம்புதான் கடைசிக் காவல்.

அமைப்பில் பலரும் தவறவிடும் மூன்று இடங்கள் இவை. முதலாவது, ரிலேயின் மீள்நிலையை (பலகை மீண்டும் எழும்போது ரிலே எடுக்கும் நிலையை) எப்போதும் அணைந்தே என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்தடை முடிந்து பலகை எழும்போது, முன்பு ஓடிய மோட்டார் தானே கிளம்பக்கூடும். இரண்டாவது, இஎஸ்பி32-ல் 0, 2, 5, 12, 15 ஆகிய முனைகளுக்குத் தொடக்க நேரத்தில் வேறு வேலை உண்டு. ரிலேயை அவற்றில் இணைத்தால் எழும்போது ஒரு கணம் துள்ளும் அபாயம் உள்ளது. மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. இஎஸ்பிஹோம் பலகை, சர்வரோடு 15 நிமிடம் தொடர்பில்லாவிட்டால் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். வைஃபை இல்லாவிட்டாலும் அப்படியே. சர்வர் படுத்த நாளில் மோட்டார் பாதியில் பாதியில் நிற்பதன் காரணம் இதுதான். அமைப்புக் கோப்பில், சர்வரோடு பேசுவதற்கான ஏபிஐ பகுதியிலும் வைஃபை பகுதியிலும் ரீபூட் டைம்அவுட் என்ற அளவைச் சுழியமாக்கினால் பலகை யாரையும் எதிர்பார்க்காமல் தன் வேலையைப் பார்க்கும்.

சர்வர் செய்ய வேண்டியவை

நிறுத்தும் பொறுப்பை எடுத்துவிட்ட பின் சர்வருக்கு என்ன மிச்சம் என்றால், தொடங்குவதும் தெரிவிப்பதும். ஹோம் அசிஸ்டன்டில் ஒவ்வொரு தானியக்கமும் எப்போது, எந்த நிலையில், என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கான விடை. கோப்பு எழுதத் தேவையில்லை. செட்டிங்ஸில் தானியக்கப் பகுதிக்குச் சென்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தாலே போதும். காலை ஐந்தரைக்கு மேல்தொட்டி 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்து, சம்ப்பில் தண்ணீரும் இருந்தால் மோட்டாரைப் போடு என்பது எங்கள் வீட்டின் முதல் தானியக்கம்.

அதை விடப் பயனுள்ளது இரண்டாவது. மாநகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. சம்ப்பிலும் ஓர் அளவுச் சென்சாரை வைத்து, அளவு மாறும் வேகத்தைக் கணக்கிடும் டெரிவேட்டிவ் என்ற துணைக் கருவியை அதன்மேல் அமைத்தால், பத்து நிமிடத்தில் 5 சென்டிமீட்டர் ஏறியதும் தண்ணீர் வந்துவிட்டது என்று வீட்டில் உள்ளோர் அனைவரின் போனுக்கும் செய்தி போகும். விடியற்காலையில் எழுந்து சம்ப் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதை என் தாயார் அன்றோடு விட்டார்.

மின்சாரம் போனதைத் தெரிந்துகொள்ளத் தனிக் கருவி வேண்டாம். இன்வெர்ட்டரில் சேராத நேர் லைனில் ஒரு ஸ்மார்ட் பிளக்கைச் செருகி வையுங்கள். மின்சாரம் போனதும் அது தொடர்பிழந்ததாகக் காட்டும். இரண்டு நிமிடம் தொடர்ந்து அப்படி இருந்தால் மின்தடை என்று எடுத்துக்கொண்டு, வீட்டில் யாரும் இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் லைனில் உள்ள விசிறிகளை அணைக்கச் சொல்லலாம்.

நேரத்தைப் பற்றிய ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. பை 4-ல் கடிகார பேட்டரி கிடையாது. முழுக்க அணைந்து எழும்போது, இணையத்திலிருந்து நேரம் வரும் வரை அதன் கடிகாரம் பின்தங்கியே இருக்கும். பை 5-ல் சிறு பேட்டரி ஒன்றை இணைக்கும் வசதி உள்ளது. பை 4 வைத்திருப்பவர்கள், நேரம் பார்த்து ஓடும் தானியக்கங்களுக்குச் சர்வர் எழுந்த முதல் ஐந்து நிமிடம் விலக்குத் தருவது நல்லது.

வெளியூரிலிருந்து பார்க்க

பழைய வழிகாட்டிகள் ரவுட்டரில் 8123 போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லும். அதைச் செய்யாதீர்கள். இங்கே உள்ள ஃபைபர், மொபைல் இணைப்புகள் பல ஒரே பொது ஐபி எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால் அது பெரும்பாலும் வேலையும் செய்யாது. செய்யும் இடத்தில் உங்கள் வீட்டு வாசலை உலகத்துக்கே திறந்து வைத்ததாகும். சாதனங்களுக்கு இடையே தனி இணைப்பு அமைக்கும் டெய்ல்ஸ்கேலை ஆட்-ஆனாக நிறுவி, அதே கணக்கில் போனையும் சேர்த்தால், வயர்கார்டு என்னும் மறையாக்க முறையில் இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளும். தனிநபர் பயன்பாட்டுக்கு அது இலவசம். கட்டணம் செலுத்த விரும்புவோருக்கு ஹோம் அசிஸ்டன்ட் கிளவுட் உண்டு. அமைப்பது இன்னும் எளிது.

பேக்கப், புதுப்பித்தல்

செட்டிங்ஸ், சிஸ்டம், பேக்கப்ஸ் என்ற வரிசையில் சென்று நாள்தோறும் தானாக பேக்கப் எடுக்கும்படி அமையுங்கள். அதே எஸ்எஸ்டியில் மட்டும் சேர்ந்தால் பயனில்லை. கூகுள் டிரைவுக்கோ வீட்டில் உள்ள வேறொரு கணினிக்கோ ஒரு படி போக வேண்டும். பேக்கப் மறையாக்கம் செய்யப்படுவதால் அப்போது தரப்படும் அவசரச் சாவியைத் தாளில் எழுதி, மின்கட்டண அட்டையோடு வையுங்கள். அந்தச் சாவியைச் சர்வருக்குள்ளேயே ஒரு கோப்பில் சேமித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

மெமரி கார்டில் ஓட்டுபவர்கள் சென்சார் அளவுகளைப் பதிந்து வைக்கும் ரெக்கார்டர் அமைப்பையும் கவனிக்க வேண்டும். அது இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை எழுதி, 10 நாள் பதிவுகளை வைத்திருக்கும். எழுதும் இடைவெளியை 30 விநாடியாக்கி, பயனற்ற சென்சார்களைப் பதிவிலிருந்து விலக்கினால் கார்டின் ஆயுள் நீளும். நீண்ட காலப் புள்ளிவிவரங்கள் தனியே சுருக்கிச் சேர்க்கப்படுவதால் மின்சார யூனிட் கணக்கு போன்றவை இழப்பாகா.

புதிய பதிப்பு மாதந்தோறும் முதல் புதன்கிழமை வெளிவரும். அன்றைக்கே ஏற்ற வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, திருத்தப் பதிப்புகள் வந்தபின், வெளியீட்டுக் குறிப்பில் பழைய அமைப்புகளோடு ஒத்துப்போகாத மாற்றங்களைச் சொல்லும் பகுதியை வாசித்துவிட்டு, கையில் நேரம் உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்றுங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் கூடவே கூடாது.

கடைசிப் படி

எல்லாம் ஓடத் தொடங்கி ஒரு வாரம் ஆனபின், ஒரு பகல் பொழுதில் சர்வரை முறைப்படி அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ரவுட்டரையும் அணையுங்கள். பிறகு வீடு முழுவதும் நடந்து ஒவ்வொரு சுவிட்சையும் கையால் போட்டுப் பாருங்கள். மோட்டாரைக் கைமுறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பலகையோடு இணைத்த ஒரு பொத்தானால் தானியங்கி முறையிலும் ஓட்டி, மேல்தொட்டி மிதவையைக் கையால் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். அது நின்றால், மோட்டார் போர்டின் உட்பக்கக் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள்: கைமுறைக்கு மாற்றும் சுவிட்ச் எது, மோட்டாரைப் போட்டால் எத்தனை நிமிடத்தில் நிறுத்த வேண்டும், எந்த எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும் என்ற மூன்று வரிகளை, பெரிய எழுத்தில், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருக்கப் போகிறவர் கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி எழுதுங்கள்.